பதினான்காவது கட்டம்

சாவியிலிருந்து தொடங்குகிறேன். நாடகக் கொட்டகையின் சாவி தோட்டத்து எழுத்தரான கிராணி நாதனிடம் இருக்கிறது. தேயிலை ஆலைக்குப் பக்கத்திலுள்ள பழைய அலுவலகத்துக்கு அவர் காலை எட்டு மணிக்கு வருவார், அதாவது எட்டேகாலுக்கு. கொட்டகையின் பின்கதவு மழையில் ஊதியிருக்கும், தோளால் தள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி தகரக் கூரையின் இடுக்கு வழியாக உள்ளேயே வந்துவிடும். ஈரம் படக்கூடாத வேலைகளை அதற்குள் முடித்துவிட வேண்டும். கம்பளிச் சட்டை இரண்டு கொண்டுவாருங்கள். துவைத்தது காய நான்கு நாளாகும்.

நம் தொழிலில் இப்படிப்பட்ட குறிப்புகளை எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. பழைய கட்டடங்களையும் அவற்றின் விளம்பரப் பலகைகளையும் அளந்து, வரைந்து, பழுது நீக்கும் இந்த வேலையில் ஏழு வருடம் இருந்துவிட்டு விலகுகிறேன். புதிதாக வரும் உங்கள் மூவருக்கும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகம் கேட்டது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

இங்கே தனியாக இருக்க நேரும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எட்டு மாதம் இருந்தேன். தங்கியது தோட்டத்து அலுவலர்களுக்குக் கட்டிய, இப்போது ஆள் இல்லாத ஸ்டாப் வீடுகளில் கடைசி வீடு. இப்போது கொழுந்து பறிப்பவர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள்; காலையில் மலாயில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். வார இறுதியில் சுற்றுலாக் கார்கள் மலைப்பாதையை அடைத்துக்கொள்வதால் ஈப்போவுக்கு இறங்குவதை நிறுத்திவிட்டேன். நாதன் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் நான் வாய் திறந்து பேசிய தமிழ் எல்லாம் என் பட்டியல்களை எனக்கே படித்துக்காட்டியதுதான். மூன்று பேராக வருகிறீர்கள், நல்லது.

இந்த வேலையில் என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் பக்கச் சுவரில் பழைய விளம்பரம் ஒன்று இருந்தது. எழுத்தின் உயரம், இடைவெளி, வண்ண எண், சுவரில் விரிசல் ஓடும் இடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு மேலே இருந்த பெண்மணி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி. சுவர்ல என்னதான் எழுதியிருக்கு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அளந்தேன், வாசிக்கவில்லை. அறையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் போய் வாசித்துவிட்டு வந்தேன். சுருட்டு விளம்பரம். அந்தக் குணம் அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நீங்கள் வேலை செய்யப்போகும் திரை.

கொட்டகை தோட்டத்து மக்களுடையது. உள்ளே மரமும் தகரமும்தான். சாலைப் பக்கம் மட்டும் சுண்ணாம்புத் தூண்கள், பூச்சரம், படிப்படியாக உயரும் முகப்புச் சுவர். ஈப்போவில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையின் முகப்பைப் பார்த்து அப்படியே சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த நகரக் கொட்டகை படம் காட்டும் இடமாக மாறியபோது அதன் விளம்பரத் திரைக்கு வேலையில்லாமல் போயிற்று. தோட்டத்தின் அப்போதைய கிராணி அதை வாங்கி லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

விளம்பரத் திரை என்பது நாடகம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் இறக்கிவிடும் சீலை. இந்தச் சீலையில் ஈப்போவின் ஒரு கடைத்தெரு முழுவதும் இருக்கிறது. நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு கடை. ஒவ்வொரு கடைக்கும் அதன் முகப்பு, மாடிச் சன்னல், ஐந்தடி நடைபாதை, மேலே பெயர்ப்பலகை. அந்தக் கட்டடங்களில் பாதி இன்று இல்லை. சிலவற்றுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இந்தச் சீலையில் இருப்பது மட்டும்தான். அதனால்தான் நகரத்தில் ஒரு காட்சியகம் இதை வாங்க முன்வந்தது. பழைய நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நான் வந்தபோது திரையில் கடைத்தெரு தெரியவில்லை. கட்டங்களின் மேல் பின்னாளில் யாரோ சாம்பல் வண்ணம் பூசியிருந்தார்கள். அதன் மேல் விளக்குப் புகையும் ஈரமும். என் பட்டியலில் அதற்கு ‘பிற்காலப் பூச்சு, நீக்குக’ என்று பெயர். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவிட்டு, கரைப்பானில் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டே வந்தேன். சில கட்டங்களில் ஈரம் பட்டதும் எழுத்துத் துணுக்குகள் எழும்பின. ஒரு கால், ஒரு புள்ளி, ஒரு கொம்பு. சேர்ந்து ஒன்றும் வரவில்லை. பதின்மூன்று கட்டம் முடித்தேன்.

பதினான்காவது கட்டத்தில் சேர்ந்து வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. ஈரப் பஞ்சு பட்டவுடன் சாம்பலுக்குள்ளிருந்து மூன்று வரிக் கறுப்பு எழுத்து மேலே வந்தது. உலர்ந்திருக்கும்போது தெரியாத எழுத்து அது. ஈரத்தில் மட்டும் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சோடு சேர்ந்து இளகவும் தொடங்கியது. முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம் இருந்திருக்கும். பாதியில் நிறுத்தினால் இளகிய சாம்பல் வழிந்து கீழே உள்ள படத்தில் படியும். கீழே நீல நிறம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நான் நிறுத்தவில்லை. மாலைக்குள் ஒரு முனைக் கட்டடம் முழுதாக வெளிவந்தது: நீலச் சன்னல் கதவுகள், வளைந்த வாசல், மாடி முகப்பில் கண்ணாடிக் குண்டு அடைத்த சோடாப் புட்டி. அவ்வளவு அழகு. படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழு கட்டைவிரல்கள் வந்தன.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இது: ‘கட்டம் 14. பிற்கால எழுத்து. முக்கியமில்லை.’

ஞாயிற்றுக்கிழமை காலை நாதன் ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“மிஸ், ஆள் கொண்டாந்திருக்கேன். எத்தன நாளைக்குத்தான் அந்தச் சீலைகூடவே பேசிக்கிட்டிருப்பீங்க? மனுசங்ககூடவும் பேசணும் லா.”

வந்தவர் சரோஜாக்கா. அறுபதை நெருங்கும் வயது. இந்தத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். இப்போது கம்போங் ராஜாவில் வீடு, திரிங்காப்பில் பூப்பண்ணை வேலை. ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய செவ்வந்திக் கட்டு, மறு கையில் பிளாஸ்டிக் கோப்பு.

“வெறுங்கையோட வரக்கூடாதுன்னு. புடிங்க தங்கச்சி” என்று பூவை என்னிடம் கொடுத்தார். “சாப்பிடறீங்களா இல்லியா? காத்தடிச்சா பறந்துருவீங்க போலிருக்கு.”

அவர் வந்த காரணத்தை நாதன்தான் சொன்னார். சரோஜாக்காவிடம் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், குடிமகள் இல்லை என்று அர்த்தம். இங்கேயே பிறந்திருந்தும் பிறப்பைப் பதியவில்லை. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மூன்றாம் தடவையாக மனுப் போட்டிருந்தார். இங்கே பிறந்ததற்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள்: தோட்டத்து மருத்துவச்சி முத்தம்மா சொல்ல, அப்போதைய கிராணி எழுதி, முத்தம்மா கைநாட்டு வைத்தது. பதிவு அலுவலகக் கவுண்டரில் அதை வாங்கிப் பார்த்தவர், ‘முத்தம்மா என்பவர் யார்? அப்படி ஒரு மருத்துவச்சி இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டிருக்கிறார். முத்தம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தோட்டத்து ஆட்களின் பெயர் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் பழைய அலுவலகத்தின் கூரை ஒழுக்கில் கூழாகிவிட்டன.

“அப்பதான் எனக்கு ஞாபகம் வந்திச்சு” என்றார் நாதன். “அவங்க பேரு திரையில இருந்திச்சே! நான் சின்னப் பையனா இருக்கறப்ப பாத்திருக்கேன்.”

“திரையிலா?” என்றேன்.

“பின்ன? இந்தச் சோடாவயும் சுருட்டையும் இங்க எவன் வாங்கினான்? டவுனுக்குப் போகவே வருசத்துக்கு ஒரு தடவதான். விளம்பரம்னா நமக்கு ஒதவணும் இல்லியா? திருவிழா நாடகத்துக்கு முன்னாடி வருசா வருசம் ஒரு கட்டத்துக்குச் சாம்பல் பெயிண்ட் அடிச்சு, அந்த வருசம் லைனுக்கு ஒத்தாசையா இருந்த ஒரு ஆளு பேர எழுதுவாங்க. முடிவெட்டற ஆளு, ஆடு வெட்டற ஆளு, ரவிக்க தைக்கறவங்க. கட்டம் கெடைக்கறதுன்னா சும்மா இல்ல மிஸ். எங்கப்பா கடைசிவரைக்கும் கேட்டாரு, குடுக்கவே இல்ல.”

சரோஜாக்கா சிரித்தார். “உங்கப்பா யாருக்கு என்ன ஒத்தாச பண்ணாரு? அட்டெண்டன்ஸ்ல அர நாள் வெட்டுவாரு. அதுக்குப் பேர் போடுவாங்களா?”

“பாத்தீங்களா மிஸ், இன்னும் மறக்கல.”

சரோஜாக்கா திரைக்கு முன்னால் போய் நின்றார். வழி தெரிந்தவரைப்போல எண்ணினார். “எங்கம்மா என்ன இடுப்புல வச்சுக்கிட்டுக் காட்டும். மூணாவது வரிச. இந்தக் கைப்பக்கமிருந்து ஒண்ணு, ரெண்டு.” விரல் நின்ற இடத்தில் நீலச் சோடாக்கடை இருந்தது.

“இது இல்லியே” என்றார். மறுபடியும் எண்ணினார்.

பூக்கட்டு என் கையில் இருந்தது. அப்போது நான் சொன்னதை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

“அது முன்னமே மங்கிப் போயிருந்துச்சு அக்கா.”

மங்கியிருந்தது என்பதில் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவர் என்னையே கொஞ்சம் பார்த்தார். “ஆமா, எத்தன வருசம், எத்தன பனி” என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, “நீங்க என்னா பண்ணுவீங்க, பாவம்” என்றார். பதினொரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனபின் வேலை ஓடவில்லை. படங்களைக் கணினியில் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். உலர்ந்த நிலையில் எடுத்த படங்கள். சாம்பலைத் தவிர எதுவும் இல்லை. ஈரத்தில் எழும்பியதை நான் படம் எடுக்கவில்லை. அந்த எழுத்தைப் பார்த்த கடைசி ஆள் நான்தான். எனவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், மூன்று பத்தியாகப் பட்டியல் போட்டேன். உறுதியாகப் பார்த்தது: இரண்டாவது வரியில் ‘பிரசவம்’. கீழே ‘3’ என்ற எண், லைன் எண்ணாக இருக்கலாம். பாதி உறுதி: முதல் வரியின் முதல் எழுத்து ‘மு’. மூன்றாவது பத்தியில், தெரியாதது: மீதிப் பெயர்.

அந்தப் பத்தியோடு இரண்டு நாள் இருந்தேன். கண்ணை மூடினால் ‘முத்தம்மா’ என்று முழுப் பெயரும் தெரிந்தது. ஆனால் அது சீலையில் பார்த்ததா, ஞாயிற்றுக்கிழமை நாதன் சொல்லிக் கேட்டதா என்று பிரிக்க முடியவில்லை. பொதுவாக இந்த மாதிரிச் சந்தேகத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கலாம். எனக்குப் பக்கத்து மேசை இல்லை.

அலுவலகத்தில் இருக்கும் பாஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“எழுத்தோட தடயம் இருந்திச்சுன்னு ஆபீஸ் லெட்டர்ஹெட்ல ஒரு சூராட் எழுதிக் குடு, போதும்” என்றார். “நாமதான் எடுத்தோம்னு ஏன் போடற? எடுக்கச் சொன்னது காண்ட்ராக்ட், எடுத்தோம். தப்பு ஒண்ணும் பண்ணலியே.”

“வாசிக்காம எடுத்தேன், பாஸ்.”

“வாசிக்கறது நம்ம ஸ்கோப்ல இருந்திச்சா?”

இல்லை. அவர் மோசமான மனிதர் இல்லை. ஒப்பந்தத்தைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது வரிக்கு வரி சரி.

புதன்கிழமை பஸ் ஏறி கம்போங் ராஜாவுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். “அக்கா, அது மங்கிப் போகல. வியாழக்கிழம வரைக்கும் இருந்துச்சு. நான்தான் தொடச்சு எடுத்தேன்.”

சரோஜாக்கா கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “சரி. என்ன எழுதியிருந்திச்சு?”

பட்டியலைப் படித்தேன்.

“பேரு?”

“மு-ன்னு ஒரு எழுத்து. அதுவும் பாதிதான் உறுதி.”

“முத்தம்மான்னு எழுதிக் குடுங்க.”

“அக்கா…”

“நீங்கதான பாத்தீங்க? வேற யாரு பாத்தா? யாரு வந்து இல்லேங்கப் போறா?”

“எனக்கு அந்தப் பேரே நீங்க வந்தப்பதான் தெரியும் அக்கா. அத சீலையில பாத்தேன்னு எழுதினா பொய்யாயிரும்.”

“ஞாயித்துக்கெழம சொன்னது?”

பட்டியலை மடித்தேன்.

“எனக்கு ஒரு பொய் சொன்னீங்க. எனக்காக ஒண்ணு சொல்ல மாட்டேங்கறீங்க” என்றார். குரல் உயரவில்லை. “அழிச்சது உங்களுக்கு உறுதியாத் தெரியுது. என்னத்த அழிச்சோம்னுதான் தெரியல.”

இந்த ஏழு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து அவர் அந்தத் தாளை எனக்குக் காட்டினார். மடிப்புகளில் செலோடேப். கீழே ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல். “இந்தக் கைதான் என்னத் தூக்கினது. இத நம்ப மாட்டேங்கறாங்க” என்றார்.

“லெட்டர் மட்டும் குடுத்தா அங்க பதில் சொல்ல ஆள் இல்ல அக்கா. நானே வரேன். என்னக் கேக்கட்டும்” என்றேன்.

“வந்து அதே மு-ன்னுதான சொல்வீங்க?”

“ஆமா.”

தாளைக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டு, “வெள்ளிக்கெழம. சீக்கிரம் வரணும், நம்பர் தீந்துரும்” என்றார்.

வெள்ளிக்கிழமை கவுண்டரில் இருந்தவர் என்னைவிட இளையவர். மலாயில் கேட்டார், மலாயில் சொன்னேன். எழுத்து எங்கே இருந்தது, எப்போது பார்த்தேன், இப்போது எங்கே. இப்போது இல்லை, நான் அழித்துவிட்டேன் என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏன் என்று கேட்டார். கீழே இருந்த படம் அதைவிடப் பழையது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். சொன்னதைத் தட்டச்சு செய்து என்னிடம் தந்தார். ‘பிரசவம்’, ‘3’, ‘மு, உறுதியில்லை’, ‘சாட்சியால் அழிக்கப்பட்டது’. கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் சரோஜாக்காவிடம் கேட்டார்: இந்த மருத்துவச்சி பார்த்த பிரசவம் நீங்கள் ஒருவர் மட்டும்தானா? வேறு யாரும் இல்லையா?

“எத்தனையோ பேரு. தோட்டம் கலஞ்சு யாரு எங்க போனாங்கன்னு தெரியலியே” என்றார் சரோஜாக்கா.

திரும்பும் பஸ்ஸில் அவர் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். பிரிஞ்சாங் தாண்டியபோது எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியவுடன் சொல்லவில்லை, அன்று என் பேச்சுக்கு மதிப்பில்லை. மறுநாள் காலை நாதனைக் கூப்பிட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நான் தொடாத கட்டங்கள் இன்னும் பத்து இருந்தன. பதினைந்து முதல் இருபத்துநான்கு வரை. இம்முறை கரைப்பான் இல்லை, வெறும் தண்ணீர். தேய்க்காமல் நீராவிபோலத் தெளித்து, டார்ச்சைச் சீலையோடு ஒட்டிப் பிடித்தால் எழுத்து நான்கைந்து நிமிடம் நிற்கிறது. அதற்குள் நாதன் உரக்க வாசிப்பார், நான் எழுதுவேன், பிறகு படம்.

“சின்னப்பன். ஆடு வெட்டித் தரப்படும். தோல் நமக்கே! அய்யோ, இந்தாளு இப்படித்தான்.”

“அடுத்து.”

“ரெண்டாம் லைன் காளியம்மாள். ரவிக்கை தைக்கப்படும்… கெடு கேட்கப்படாது.” நாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடுத்தது மாணிக்கம். கடுதாசி எழுதித் தரப்படும், படித்தும் காட்டப்படும், வெளியே சொல்லப்படாது.”

அந்தக் கொட்டகையில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன். நகரத்துக் கடைகள் சுத்தமாக, பளிச்சென்று, பதினான்கு. அவற்றின் மேல் யார் யார் இருந்தார்கள் என்று நாதனிடம் கேட்டேன். முடிவெட்டுகிற ஆள் ஒருவர் இருந்தார் என்றார். மற்றது ஞாபகமில்லை.

பத்துப் பெயர். அவர்களில் யாரும் இன்று உயிரோடு இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். “சின்னப்பன் மக கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி ஸ்டால் போட்டிருக்கு. அவதான் மத்தவங்க நம்பரெல்லாம் வச்சிருப்பா” என்றார் நாதன். பட்டியல் எடுத்துக்கொண்டு நான் போகவில்லை. சரோஜாக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் ஐந்து பேரைக் கண்டுபிடித்தார். ஐந்து பேரும் முத்தம்மா கையில் பிறந்தவர்கள். சின்னப்பன் மகளிடம் இன்னொரு தாள் இருந்தது. அதே கிராணியின் கையெழுத்து, அதே ஊதாக் கட்டைவிரல். அவருக்கு எப்போதோ நீல ஐசி கிடைத்துவிட்டது.

சாட்சி சொல்ல அவர்கள் போன காலையில் வேன் தோட்டத்து வழியாக வந்தது, நாதனை ஏற்றிக்கொள்ள. உள்ளே ஒரே சத்தம். யாரோ யாருடைய அப்பாவையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நான் சாலையோரம் கோப்போடு நின்றேன், நானும் போவதாக நினைத்து. சரோஜாக்கா கண்ணாடியை இறக்கினார்.

“எடமில்ல தங்கச்சி. உங்க பேச்சுதான் அங்க எழுத்துல இருக்கே.”

ஒரு மாதத்துக்குப் பின் தங்கச்சி என்று கூப்பிட்டார். ஆனால் இடம் இருந்தது, பின் இருக்கையில் ஒன்று. நான் பார்த்தேன். அவர் சொன்னதும் சரிதான். அது முத்தம்மா தூக்கிய பிள்ளைகளின் வேன்.

முடிவு இன்னும் வரவில்லை. கோப்பு மேலே போயிருக்கிறது. திரையில் எஞ்சிய எழுத்தை அதிகாரி நேரில் பார்க்க வரக்கூடும் என்று கடிதம் வந்திருக்கிறது. அதன் நகலைக் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். ஒப்பந்தமோ இருபத்துநான்கு கட்டத்தையும் முடிக்கச் சொல்கிறது. முடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றது அலுவலகம். அந்த வேறு ஆள் நீங்கள் மூவரும்தான்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். கோப்புக்கு முடிவு வரும்வரை பஞ்சை எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பத்துக் கட்டங்களுக்குக் கீழேயும் பத்துக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றையும் யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள், அவையும் வேறெங்கும் இல்லை. அந்த முடிவை நீங்கள் மூவரும் சேர்ந்து எடுங்கள், ஒருவர் தனியாக ஈரப் பஞ்சோடு நிற்கும்போது எடுக்க வேண்டாம். நாட்குறிப்பின் படிவத்தில் ‘முக்கியமில்லை’ என்று ஒரு பெட்டி இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். அலுவலகம் திரும்பச் சேர்த்தால் காலியாக விடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் சரோஜாக்கா வருவார். கதவைத் திறந்துவிடுங்கள், கூடப் போகாதீர்கள், எதையும் விளக்காதீர்கள். அவர் திரைக்கு முன்னால் நின்று கீழ்வரிசைகளை விரலால் எண்ணுவார், பத்தும் இருக்கிறதா என்று. எண்ணி முடித்ததும் போய்விடுவார்.